1:12 முதல் 1:16 வரை

கிர்க்கியில் ஒரு நிலவறை, முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
அவள் பாடுவதைத் தமிழில் படியெடுத்து
அடியில் ஓட இந்தியும் எழுதவேண்டும்.
கூலி, நிமிடத்துக்கு நூற்றிருபது ரூபாய்.

பெயர் மணிமொழி.
பள்ளியில் மோஜி. பிறகு இமோஜி.
வருகைப் பதிவேட்டில் ழகரம் கழன்று விழுந்தபோது
எடுத்துத் தர யாருமில்லை.
கம்பெனிக்கார சப்ரவாலுக்கு அது பிடித்துப்போனது:
"மோஜி! அப்படியே வை. லோகோ போட்டுவிடலாம்."

அவளுக்குத் தமிழ் எழுத வராது.
நோட்டில் தமிழ்ப் பேச்சு தேவநாகரிச் சட்டை போட்டு நடக்கும்.
நடுநடுவே மட்டும் ஒரே ஒரு தமிழ் எழுத்து,
வால் கொஞ்சம் நீண்ட ழ.
நாலாக்கரை மாரியம்மன் கோவில் பலகையைப் பார்த்து
வரைந்து பழகியதாம்,
'நன்கொடை வழங்கியோர்' என்ற வரியிலிருந்து.
அதில் அவள் சித்தப்பா ஐநூற்றொன்று.
பலகை இப்போது எந்த லாரியில் போனதோ.

நான் மன்னார்குடி. தமிழில் முதுகலை.
முதல் நாளே சிவப்புப் பேனா எடுத்தேன்.
வூடு என்பதை வீடு ஆக்கினேன்.
இட்ச்சிட்டானுங்க என்பதை இடித்துவிட்டார்கள்.
அவள் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள்.
"பையா, இடித்துவிட்டார்கள்னா
யாரோ செருப்பக் கழட்டிட்டு வந்து இட்ச்ச மாதிரி கீது.
ஜேசிபிக்கு எதுக்கு 'ஆர்கள்'?"

சப்ரவாலுக்கு வேறு குறை.
"தமிழ் நாலு வரி போதும், ஹூக் இந்தியில் இருக்கட்டும்.
வாசனைக்குக் கொஞ்சம் சவுத். தட்டு முழுக்க சாம்பார் வேண்டாம்."
அவள் பதில் சொல்லவில்லை. பீட்டைப் போடச் சொன்னாள்.

     இடிச்ச எடம் எங்க எடம்
     முடிச்ச கணக்கு எவன் கணக்கு
     படிச்ச லிஸ்ட்டுல எம் பேரு இல்ல
     கடிச்ச நாய்க்குத் தெரியும் நா யாரு

இந்திப் பையன்கள் வரியின் வாலில் முடிச்சுப் போடுவார்கள்.
இவள் தலையில் போடுகிறாள், இரண்டாம் எழுத்தில்.
எதுகை என்றேன். "அப்டினா?" என்றாள்.
பாத்திரம் தேய்க்கப் போகும் பங்களாக்களை
அம்மா வீட்டுக்கு வந்து ஏசுவாளாம்,
அந்த ஏச்சின் கணக்கு அது.

லிஸ்ட் கதையைப் பிறகு டீக்கடையில் சொன்னாள்.
ரேஷன் அட்டையில் மணிமோஜி.
ஆதாரில் மணிமொலி.
வாக்காளர் பட்டியலில் வெறும் மணி, ஆண்.
அதிகாரி மூன்றையும் மேசையில் பரப்பிவைத்து
இதில் நீ யார் என்று கேட்டாராம்.
நரேலாவில் வீடு
மூன்று பேருக்கும் கிடைக்கவில்லை.

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் மாமன் மகன் கல்யாணம்.
பந்தியில் "ரசம் தோடா போதும்" என்றிருக்கிறாள்.
வரிசையே திரும்பிப் பார்த்து
இந்திக்காரி என்று சிரித்தது.
இங்கே மதராசி, அங்கே இந்திக்காரி.
நடுவில் ரயிலில் மட்டும்
எஸ் ஆறு, அப்பர் பெர்த், நாற்பத்து மூன்று.

இதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டேன்
என்று எழுத ஆசைதான்.
அன்றைக்கும் ஒரு கீதுவை இருக்கிறது ஆக்கிவிட்டுத்தான் தூங்கினேன்.

1:12-இல் பீட் அறுந்துவிடும்.
அவள் நாக்கு மேலே வளைந்து
தொட்டும் தொடாமலும் நிற்கும்.
ழ.
நான்கு விநாடி, சொல்லே இல்லாமல், அதே ஒலி.
தெருமுனையில் ஜேசிபி அணையாமல் நிற்பது போலிருக்கும் முதலில்.
மூன்றாம் விநாடியில் வேறு ஏதோ ஆகும்.
மைக்கின் சிவப்பு விளக்கு அதுவரை ஏறாத இடத்துக்கு ஏறும்.

சப்ரவாலின் மெயில்:
"1:12 முதல் 1:16 வரை சப்டைட்டில் விடுபட்டுள்ளது. சரிசெய்யவும்."

இந்தியில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.
அதிகாரி மேசையில் கிடந்த மூன்று காகிதங்கள்
திரும்பவும் என் முன்னால்.
காலியாகவே அனுப்பினேன்.
விடுபடவில்லை என்று ஒரு வரி சேர்த்து.

நான்கு விநாடிக்கு
எட்டு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.