தட்டிப் பார்த்தல்

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாவது கொட்டகை என்னுடையது.
உப்புக்காற்று நேரம் பார்க்காமல் வரும்.
வாடகைக்காரர் முதலாம் திகதி வருவார்.

விப்கே தம்மன் பிள்ளைப்பேறு பார்க்கிறவள்.
இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தாலும்
கடலணை வீதியால் தனியே போவாள்.
இருபத்துநாலு வயது ஓப்பல்,
பின்னிருக்கையில் குழந்தை நிறுக்கும் தராசு.
சாவியைத் தந்து சொன்னாள்:
"பெரிதாக ஒன்றுமில்லை.
மழை விட்ட பிறகும், வளைவில் திரும்பினால்
எங்கோ தண்ணீர் சலசலக்கிறது.
அடுத்த மாதம் டூஃப் சோதனை."

தூக்கியில் ஏற்றினேன்.
அடிவயிறு முழுக்கத் தார் பூசிக் கன்னங்கரேலென்று மினுங்கியது.
இந்த வயதில் இவ்வளவு மினுக்கம்
எனக்குப் பிடிப்பதில்லை.

சின்னச் சுத்தியல்.
கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டத்தில்
முன்னாலிருந்து தொடங்கினேன்.
டிங். டிங். டிங்.
பின்சில்லுக்கு ஒரு சாண் இருக்கையில்
தொப்.

அதே இடத்தில் இன்னொரு தரம்.
தொப்.

காந்தத்தை வைத்தேன்; நிலத்தில் விழுந்தது.
திருகாணிச்சாவியை அழுத்தக்கூட இல்லை,
சாய்த்துப் பிடித்தேன், பிடி வரைக்கும் போனது.
இழுத்தபோது தேயிலைச் சாயம்போலத் தண்ணீர்
முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

துரு என்று எழுதுவார்கள், நாங்கள் கறள் என்போம்.
வெளியிலிருந்து தின்று வருவதாய்த்தான் எல்லாரும் நினைப்பது.
வடிகிற துளையை யாரோ அடைத்துவிட்டால்
உள்ளே நின்ற நீர் உள்ளேயே வேலையைத் தொடங்கும்.
பெயின்ட்டுக்குக் கடைசியாகத்தான் செய்தி போகும்.

தாரைச் சுரண்டினேன்.
தாருக்குக் கீழே பூச்சுமா,
பூச்சுமாவுக்குக் கீழே கண்ணாடிநார்த் துணி,
துணிக்குக் கீழே காற்று.
பூச்சின் ஓரம் இடப்பக்கம் இழுபட்டு
வால்போல மேலே சுழித்திருந்தது.

நான் இடக்கைக்காரன்.
என் கத்திக்கு மட்டுந்தான் அப்படி வரும்.

ஐந்து வருடத்துக்கு முந்தின நவம்பர்.
விற்க நின்ற ஒரு மீசைக்காரர்.
"இந்த ஒரு டூஃப் தாண்டினால் காணும்."
நூற்றைம்பது யூரோ, கையில்.
கொட்டகை எடுத்து இரண்டாம் மாதம்,
வாடகைக்கு நூற்றிருபது குறைந்திருந்தது.
மிச்சம் முப்பதுக்கு என்ன வாங்கினேன் என்பதும்
ஞாபகம் இருக்கிறது. சொல்லமாட்டேன்.

பற்றரியைக் கழற்றினேன். இருக்கைகள் வெளியே.
கம்பளத்தைச் சுருட்டி, வாளியில் தண்ணீர் பக்கத்தில்.
கதவு இடைவெளி மாறாதிருக்க
உள்ளே குறுக்குக்கம்பி கொடுத்தேன்.
பிறகு வெட்டு.
நல்ல இரும்பு வரும்வரை வெட்டு என்பது விதி.
உள்ளங்கை அகலம் போதுமென்று குறித்தேன்,
சாணாகியது,
முழமாகியது.
உட்தகடும் பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

புதுத் தகடு மடித்து இரண்டு விரலளவு ஒட்டு,
பொறு, ஆறட்டும்,
அந்தத் தொங்கலில் இரண்டு விரலளவு.
அவசரப்பட்டால் தகடு நெளியும், காட்டிக்கொடுக்கும்.
மூன்று பின்னேரம் போனது.
துத்தநாகப் பூச்சு, மூட்டுப் பசை,
கடைசியில் நீளக் குழாயால் உள்ளே மெழுகு,
வடிதுளையால் மெழுகு சொட்டும்வரை.
அந்தத் துளையை ஆணியால் மூன்றுதரம் குத்திப் பார்த்தேன்.

பட்டியல் எழுதினேன்:
தகடு. வாயு. மெழுகு.
கூலி என்ற இடத்தில் ஒரு கோடு.

"இதை நிரப்ப மறந்துவிட்டீர்கள்" என்றாள்.

"முன்னமே வாங்கியாயிற்று."

"யாரிடம்?"

குப்பைத்தொட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து,
வால் சுழித்த பூச்சுமாவை,
மேசையில் வைத்தேன்.
இடக்கையை அதன் பக்கத்தில் வைத்தேன்.
எனக்கு அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை.

விப்கே துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
கையில் நிறுத்துப் பார்ப்பதுபோல இருந்தது.
ஐந்து குளிர்காலம், எத்தனை இரவு என்று
அவள் கணக்குப் பார்த்திருக்கலாம்.
நான் பார்த்துவிட்டேன்.

பிறகு கேட்டாள்:
"மற்றப் பக்கம்?"

மற்றப் பக்கத்தை அந்த நவம்பரில் தொட்டேனா,
சத்தியமாகத் தெரியவில்லை.

சுத்தியலை எடுத்து
அவளிடம் நீட்டினேன்.