அளவுப் பதிவேடு

நான் பொறுப்பேற்ற ஆண்டில்
நீடாமங்கலம் பிரிவின் அளவுப் பதிவேடு
முதல் மதிப்பெண் வாங்கியவனின் விடைத்தாள் போலிருந்தது.
காலை ஆறு: ஒன்று புள்ளி எட்டு ஐந்து.
பகல் பன்னிரண்டு: ஒன்று புள்ளி எட்டு ஐந்து.
மாலை ஆறு: மேற்படி.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை,
தூறல் பட்டு மை கலைந்த பக்கம் ஒன்றுகூட இல்லை.
ஆய்வுக்கு வந்த செயற்பொறியாளர்
பச்சை மையில் 'நன்று' என்றெழுதினார்.
வெண்ணாறு ஒருநாளும் அப்படி ஓடியதில்லை என்று
அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

ஐப்பசியில் ஓர் இரவு, மணி இரண்டு.
நாலாம் மதகு லஸ்கர் நாடிமுத்து அழைத்தார்:
கரை கசியுது மேடம்.
ஜீப் சேற்றில் புதைந்து, பாதி வழி நடந்து
டார்ச் அடித்துப் பார்த்தால்
நண்டு வளை.
'இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்,
வளைக்கும் உடைப்புக்கும் வித்தியாசம் தெரியாதா?'
ஐந்து பேர் முன்னால் கேட்டேன்.
என் தலைக்குக் குடை பிடித்தபடியே
நனைந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் பூவத்தடியில் கரை போனது.
தூர் கட்டிய சம்பா அறுபது வேலி
தண்ணீருக்குள்.
எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்,
விடிஞ்சுதான் பார்த்தோம்.
சவுக்குக் கட்டைக்கு இடையில்
மணல் மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்த
தினக்கூலி வைரக்கண்ணு மட்டும் நிமிராமல் சொன்னாள்:
'பன்னண்டு மணிக்கே தெரியும்மா.
யாரு ஒங்களுக்குச் சொல்றதுன்னு
பேசிக்கிட்டிருந்தோம்.
பேசி முடிக்கறதுக்குள்ள கரை போயிட்டு.'

'கடமை தவறியமைக்காக' நாடிமுத்துவுக்கு மெமோ.
தட்டச்சாகி, என் கையெழுத்துக்காக
மூன்று நாள் மேசையறையில் கிடந்தது.
அதற்கு முந்தைய மாதம்தான்
திருச்சியில் ஒரு ஓட்டலில்
தலைமைப் பண்புப் பயிற்சி.
திரை நிறையக் கழுகு பறந்தது,
மதியம் பிரியாணி,
ஆளுக்கொரு பை, ஒரு பேனா.
அந்தப் பேனாவால்தான் எழுதினேன்:
தகவல் எனக்கு வராததற்குக் காரணம் நான்.
'உணர்ச்சிவசப்படாதீங்கம்மா' என்றார் செயற்பொறியாளர்.
ஆறு மாத ஊதிய உயர்வு நின்றது.

ஏதோ மாறிவிடும் என்று இருந்தேன்.
அடுத்த மாதமும் ஒன்று புள்ளி எட்டு ஐந்து.
ஒரு காகிதத்தை நம்பி யாரும் வாய் திறப்பதில்லை.
முன்னால் திறந்தவன் என்ன ஆனான் என்றுதான்
பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தை மாதம் ஒரு நாள்,
தலைப்பு மதகின் அளவு நான் எடுக்க வேண்டிய முறை,
கல்யாண வீட்டில் இருந்துவிட்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
மாலை ஆறு. பார்க்கவில்லை. மறந்துவிட்டேன்.
கீழே முழுக் கையெழுத்து.
அந்தப் பக்கத்தை எத்தனை பேர்
புரட்டிப் பார்த்தார்களோ,
ஓரமெல்லாம் விரல் அழுக்கு.
எட்டு நாள் கழித்து பென்சிலில் ஒரு வரி:
பகல் 12 பாக்கலை. மகளுக்குக் காய்ச்சல். கலியமூர்த்தி.
காய்ச்சல் விட்டுதா என்று மட்டும் கேட்டேன்.
வேறு கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன,
பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு எண்கள் நொண்டத் தொடங்கின.
ஒன்று அறுபத்திரண்டு. ஒன்று எழுபது.
'ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு, சரியாத் தெரியலை.'
'ஷட்டர் ஒரு பல்லு எகிறிட்டு, என் தப்பு.'
இந்த ஆண்டு ஆய்வுக்கு வந்தவர்
பதிவேடு ஏன் இவ்வளவு அலங்கோலம் என்றார்.
'நன்று' கிடைக்கவில்லை.

நேற்றிரவு இரண்டு பத்து.
நாடிமுத்து.
'ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம் மேடம்...'
என்று நிறுத்தினார்.
அந்த இடைவெளியில் அவர் பக்கத்து மழை கேட்டது.
நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நண்டு வளைதான்.
ஒரே குடை,
அவர் இடது தோளும் என் வலது தோளும்
தொப்பலாக நனைந்தன.
மதகடியில் பதிவேட்டைப் பிரித்து அவரே எழுதினார்:
2.40. நண்டு. ரெண்டு பேரும் பாத்தோம்.
அளவுகோலில் அலை அடித்துக்கொண்டிருந்தது.
கண்ணைச் சுருக்கிப் பார்த்து
அதன் கீழ் நான் எழுதினேன்:
ஒன்று புள்ளி ஒன்பது இரண்டு,
என்று நினைக்கிறேன்.