காபிக்கு முன் அரை மணி

ஆறு மணி. மாத்திரை உள்ளே போயிற்று.
உப்புக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு.
இனி ஆறரை வரை காபி கிடையாது.
டிகாக்‌ஷன் சொட்டும் சத்தத்தைக் கேட்கலாம்,
அதற்குத் தடையில்லை.

தலையணையில் உதிர்ந்த முடியைப்
பொறுக்கிச் சுருட்டுகிறேன்.
மார்ச் மாதத்தில் ஸ்வெட்டர்.
மர்ஃபி டவுனில் வேறு யாரும் போடவில்லை.

ஃபிரிட்ஜின் மேல் ரிப்போர்ட்:
ரெஜினா அமலோற்பவம், பெண், 41.
முப்பத்துநான்குக்குள் இருக்கவேண்டியது
அறுநூற்றுப் பன்னிரண்டு.
கிருமிக் கணக்கு இல்லையாம் அது.
கிருமி என்று ஒன்று வரவே இல்லை.
உங்கள் உடம்பே உங்கள் தைராய்டை
வெளியாள் என்று நினைத்துவிட்டது என்றார்
டாக்டர் ஷைலஜா, கன்னடத்தில்.
ஹொரகினவரு.

தெரிந்த சொல்தான்.
காவிரிக்காக ஊர் எரிந்த டிசம்பரில்
அப்பா ஏணி போட்டு ஏறி
மேரி சைக்கிள் என்ற பலகையில்
நீல பெயிண்ட் பூசினார்.
பெயிண்ட் போதாமல் கடைசி 'ள்' மட்டும்
துருத்திக்கொண்டு நின்றது.
அதன் மேல் காலண்டரை மாட்டினார்.
அவர் பிறந்தது பௌரிங் ஆஸ்பத்திரி.
அவர் அப்பா பிறந்ததும் அங்கேதான்.
பக்கத்து வீட்டு நஞ்சம்மா
எங்கள் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு
ராத்திரி முழுக்க அவரைக்காய் பிதுக்கினாள்.
யாராவது வந்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.
எனக்கு எட்டு வயது.

வண்ணத்துப்பூச்சி மாதிரி என்று
தைராய்டின் படம் காட்டினார் டாக்டர்.
எனக்கு அது அப்பா கடையில்
ஜோடியாகக் கட்டித் தொங்கும் பெடல்.
அதைத்தான் இரண்டு பக்கமும்
இத்தனை வருஷமாய் உடைத்திருக்கிறார்கள்.
கோபப்படவும் முடியவில்லை.
அடுத்த வருஷம் டைஃபாய்டில் கிடந்தபோது
என்னைத் தூக்கி நிறுத்தியது
இதே கூட்டம்தான்.
கடமை என்று நினைத்தே செய்கிறார்கள்,
அதுதான் பயம்.

சண்டையை மாத்திரை நிறுத்துமா என்று கேட்டேன்.
நிறுத்தாது, அது வேறு.
சுரப்பி செய்யாத வேலையை இது செய்யும்,
அவ்வளவுதான் என்றார்.

ஏதோ ஃபாக்டரியில் அச்சடித்து
அட்டையில் அடைத்து
லாரி ஏறி வந்த சரக்கு.
அதை மட்டும் எவனும் தடுப்பதில்லை.
எந்த ஊர் என்று கேட்பதில்லை.
தொண்டை தாண்டி ரத்தத்தில் கலந்து
மத்தியானத்துக்குள் நானாகிவிடுகிறது.
கூடவே பிறந்ததற்குத்தான்
அத்தனை விசாரணை.

கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறேன்.
விழுங்கும்போது ஏறி இறங்குகிறது,
இன்னும் இருக்கிறது.
என் பக்கத்தில் முக்காலி போட
யாரைக் கூப்பிடுவது?

ஆறு இருபத்தெட்டு.
இரண்டு நிமிஷம் பொறுத்தால் என்ன.
பொறுக்கவில்லை.