மிளகு அருளம்பலம்

மூன்று மணி இருக்கும்.
கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னக் கேவல்.
நான் விளக்கைத் தேடுமுன்
கால் கண்டுபிடித்துவிட்டது.
இளஞ்சூடு.

இது நாலாந்தரம்.
முதலாவது கம்பளத்தில். இரண்டாவது
மின்சாரக் கட்டணக் கடதாசியில்
(அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை).
மூன்றாவது, விரித்து வைத்த பேப்பரிலிருந்து
சரியாக ஒரு சாண் தள்ளி.
மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
'நான் வாறதுக்குள்ளை மணம் போயிருக்க வேணும்'
என்று ஒரு செய்தி, புள்ளி வைத்து.

எட்மன்டனில் தை மாதம். சைபருக்குக் கீழே இருபத்தேழு.
சாரத்துக்கு மேல் பெரிய ஜாக்கெட்,
வெறுங்காலில் சப்பாத்து,
கக்கத்தில் ஒன்பது வாரத்து உயிர்.
பின்படியடியில் ஒரு மேசையளவு இடம்
பனியை வழித்து வைத்திருக்கிறேன். மிளகின் கக்கூஸ்.
இறக்கிவிட்டால் ஒவ்வொரு காலாய் மாறி மாறித் தூக்கி
என்னைப் பார்க்கிறது:
இங்கேயா?
நீ இருப்பாயா இங்கே?

நியாயமான கேள்வி.

எங்கடை பாஷையில் அதற்குப் பெயரே
'வெளிக்குப் போறது'.
நாய்க்குத் தமிழ் விளங்கினால்
பயிற்சியே தேவையில்லை.
"போ ராசா, போ" என்று
அறுபதைத் தொடப்போகும் ஒருவன்
குட்டியின் பின்பக்கத்துக்கு டோர்ச் அடித்துக்கொண்டு நிற்கிறான்.
பக்கத்து வீட்டு உக்ரேனியக் கிழவர்
யன்னல் திரையை விலக்கி,
மரியாதையாய்த் திரும்ப மூடினார்.

போகவில்லை. உள்ளே வந்தோம்.
கதவு பூட்டிய சத்தம் கேட்டதும்
போனது.

காலையில் மிருக வைத்தியர்.
ஊறுகாய்ப் போத்தலில் மாதிரி.
லேபிளைச் சுரண்டியும் பாதி மாங்காய் மிச்சம்.
வரவேற்பிலிருந்த பெண் உரக்கக் கூப்பிட்டாள்:
"மிலாகூ அருலம்பாலம்!"
நான் எழும்பவில்லை. இரண்டாந்தரம்தான் விளங்கியது.
தொண்ணூற்றொன்றில் விமான நிலையத்தில் ஆரோ பெட்டி மாறி எழுத
அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராயிற்று.
பிறகு மனைவிக்கு, பிறகு மகளுக்கு,
இப்போது இதற்கு.
நாயைக் கண்டால் செருப்பைக் கழற்றும் மனுசன்.
மன்னியுங்கோ அப்பா,
உங்கடை பெயரில் ஒரு வயிற்றோட்டம்
பதிவாகியிருக்கிறது.

புழு இல்லை, பயமில்லை என்றாள் வைத்தியர்.
வீடு மாறின கலக்கம், தீன் மாறினது,
அதோடு ஆரோ கண்டதையும் கொடுத்திருக்கிறார்கள்.
அந்த 'ஆரோ'வுக்கு
நான் சுவரிலிருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.
ஆட்டிறைச்சி ரோல்ஸ், ஒரு துண்டு.
சரி, ஒன்று முழுதாய்.

இரண்டு நாளைக்குக் குழையக் காய்ச்சின சோறு,
உப்பில்லாமல் அவித்த கோழி, ஒரு கரண்டி பூசணி.
கிண்டிக்கொண்டு நிற்கையில்
வான்கூவரிலிருந்து மகள் எடுத்தாள்.
"அப்பா, நீங்களே கழுவினீங்கள்?"
"பின்னை ஆர்?"
"என்ரை நாப்பி ஒருநாளும் மாத்தேல்லை எண்டு
அம்மா சொல்லுறவா."

பகலில் இறைச்சித் தொழிற்சாலை, இரவில் கட்டடக் காவல்,
நான் வரும் நேரமெல்லாம் நீ கழுவித் துடைத்து
பவுடர் மணத்தோடு நித்திரை...
சொல்ல வந்தேன்.
சோறு அடிப்பிடித்தது.
"ஓம்" என்றேன்.
அங்காலே அவள் சிரித்தாளோ என்னவோ,
லைன் அப்படி.

மூன்றாம் இரவு அலாரம் அடிக்கமுன்னமே
பின்கதவடியில் மிளகு.
நகத்தால் ஒரு கீறல், ஒரு பார்வை.
சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
வழித்த சதுரத்தில், ஆவி பறக்க,
இறுக்கமாய், கிட்டத்தட்ட உருண்டையாய்.
கை தட்டிவிட்டேன்.
அயல் யன்னலில் விளக்கு எரிந்து
ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன்.
அங்கே இரண்டு மணி. உடனே இரண்டு நீலச் சரி.
எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது.
திரும்பக் காட்டியது.
மிளகு குளிரில் என் சப்பாத்தின்மேல் ஏறி இருந்துகொண்டு
உள்ளே போவோம் என்கிறது.
பொறு ராசா, கொஞ்சம் பொறு.