பொடி வைத்த இடம்

முதல் பிள்ளைக்கு நாற்பது நிமிடம்.
உட்கார்ந்த வாக்கில் இருந்தாள் மிருதுளா.
வலி என்று ஒன்று வருவதற்குள்
வெட்டி, எடுத்து, தைத்து
டாக்டரம்மா காபி குடிக்கப் போய்விட்டார்.

ஆகவே இது இரண்டாவது என்பது
ரேஷன் கார்டுக்குத்தான்.
கர்ப்பவாய்க்கு இது முதல்.
திற என்று அதனிடம் யாரும்
இதுவரை சொன்னதில்லை.
கையுறையைக் கழற்றிக்கொண்டே
பியூலா சிஸ்டர் அப்படித்தான் விளக்கினார்.
"ரெண்டு சென்டிமீட்டர். நட கோகிலா."

செவ்வாய் ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கியது.
செவ்வாய்ப்பேட்டை மாடி வீட்டில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக்கொண்டிருந்தேன்.
ஊதுகுழலில் மூச்சு போகும்போது
இடுப்பு ஒருமுறை இறுகி விட்டது.
எட்டுச் சலங்கை பாக்கி. ஐந்தை முடித்தேன்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று
மாமியார் கேட்டார், ஆட்டோக்காரர் கேட்டார்,
வெள்ளி கொடுத்த வியாபாரி போனில் கேட்டார்.
அவர் கேட்டது கொலுசை.

டாக்டரம்மா பொடி வைத்துப் பேசினார்:
"பார்ப்போம். தழும்பு தாங்கணும்."
இருநூறு பேரில் ஒருவருக்கு விட்டுப்போகுமாம்.
எனக்குப் பொடியைத் தெரியும்.
வெள்ளியும் பித்தளையும் கலந்த தூள், வெங்காரம், நெருப்பு.
ஒன்பது வருடமாக ஊதுகிறேன்.
அறுந்து திரும்பி வரும் கொலுசுகளில்
பொடி வைத்த இடம் விட்டது குறைவு,
அதற்குப் பக்கத்தில்தான் அறும்.
இதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
அடுத்த வலி வந்துவிட்டது.

அரை மணிக்கு ஒருமுறை அதே கேள்வி:
"வலி விட்ட அப்புறம் தழும்புல நோவுதா?"
இல்லை.
வலிக்கும்போது எல்லாமே நோகும், அது கணக்கில்லை.
வலி இல்லாத இரண்டு நிமிடத்தில்
அங்கே விரல் வைத்துப் பார்த்துக்கொள்வேன்,
அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

ஜன்னலில் ஏற்காடு மலை.
மலை தெரியவில்லை, ஏறும் வண்டியின் வெளிச்சம் தெரிந்தது.
ஒரு வளைவில் காணாமல் போய்
கொஞ்சம் மேலே, திசை மாறி முளைக்கும்.
வராந்தாவிலிருந்து குப்புராஜ் போன் செய்தான்.
"கொண்டை ஊசி இருபது, உனக்குப் பத்து சென்டிமீட்டர்.
அப்ப ஒண்ணுக்கு ரெண்டு வளைவு."
வாயை மூடு என்றேன்.
வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

ஆறு மணிக்கு நான்கு.
எட்டுக்கு ஐந்து. சிஸ்டர்களுக்கு டியூட்டி மாறியது,
கேள்வி மாறவில்லை.
பத்துக்கும் ஐந்து.
தாளில் இரண்டு சாய்கோடுகள்.
என் பெருக்கல் குறி முதல் கோட்டைத் தாண்டி
பஸ்ஸைத் தவறவிட்டவள் போல நின்றது.
தழும்பு இருக்கிறது, மருந்து ஏற்றி விரட்ட மாட்டோம் என்றார்கள்.
தியேட்டர் தயாராக இருந்தது, இரண்டு யூனிட் ரத்தமும்.
"பன்னெண்டு வரைக்கும்," என்றார் டாக்டரம்மா.
இந்தமுறை பேச்சில் பொடி இல்லை.

அந்த இரண்டு மணி நேரம் எனக்கு நினைவில்லை.
பக்கத்துக் கட்டிலில் ஓமலூர்க்காரி ஒருத்தி
வந்தாள், பெற்றாள், போனாள்.
மூன்றாவதாம். ஒரு தட்டுவடை செட் தின்கிற நேரம்.
அவளை வைதது மட்டும் ஞாபகம்.

பன்னிரண்டுக்கு ஒன்பது.
ஒன்று நாற்பதுக்குப் பிறந்தாள்.
இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து.
நாற்பது கிராம் ஜோடி என்றால்
எழுபத்திரண்டு ஜோடி, முப்பது கிராம் மீதி.

கேஸ் ஷீட்டில் ஏழு மணி நாற்பது நிமிடம் என்றிருந்தது.
நான்கு சென்டிமீட்டரிலிருந்துதான் எண்ணுவார்களாம்.
ராத்திரி முழுக்க நடந்த வராந்தா அதில் இல்லை.

வீட்டில் பலகை மேல் அந்த மூன்று சலங்கை.
நாத்தனாருக்கும் முதலில் ஆபரேஷன், இப்போது ஏழாம் மாதம்.
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்,
"எவ்வளவு நேரம் அண்ணி?"
ஏழே முக்கால் என்றேன்.
இல்லை, பதினாலே முக்கால் என்றேன்.
அவள் எதையும் மனதில் குறித்ததாகத் தெரியவில்லை.
புடவைக்கு மேலே அவள் விரல்
அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.