முப்பத்தொரு பாகை

என் நாற்காலி ரத்தத்திலிருந்து ஆறடி தள்ளி.
கத்தி என் கைக்கு வந்ததே இல்லை.
தலையில் ஒரு துளி மின்சாரம் கொடுத்து,
அது முதுகு வழியே இறங்கிக்
கால் கட்டைவிரலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று
திரையில் பார்ப்பவள் நான்.
சேர்ந்தால் ஒரு மேடு எழும்.
இல்லையென்றால் வெறும் கோடு.

ரீகாவில் அன்று மைனஸ் பதினெட்டு.
உறைந்த தௌகவா ஆற்றின்மேல்
மீன்பிடிக்கிறவர்கள் பெட்டியில் குந்தி
ஆளுக்கொரு ஓட்டையை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.
டிராம் பாலத்தைக் கடக்கையில் நினைத்தேன்:
அவர்கள் பிழைப்பும் என் பிழைப்பும் ஒன்றுதான்.
அவர்கள் அசைந்தால் எழுவார்கள்.
நான், அசையாவிட்டால்.

மேசையில் குப்புறக் கிடந்தாள் எஸ்டெரே.
வயது பதினைந்து. முதுகு வளைவு எழுபத்தெட்டுப் பாகை.
முந்தின நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"எத்தனை சென்டிமீட்டர் உயருவேன்?"
டிராம் தண்டவாளம் பதிக்கும் அவள் அப்பா
எதுவும் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்ட பேனாவை
மூடாமலே சட்டைப்பையில் செருகினார்.
மை ஊறிப் பரவுவதைப் பார்த்தேன்,
சொல்லவில்லை.

சொல்லாமலிருப்பது எனக்குப் பழைய வியாதி.

இரண்டு வருடம் முன்பு ரைவிஸ் என்றொரு பையன்.
மேடு சரிந்தது.
ஒயர் கழன்றிருக்கும் என்று ஒயரைத் தடவினேன்.
மயக்கமருந்து கூடியிருக்கும் என்று
எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.
முக்கியமான கட்டத்தில் இருக்கிறார்கள், எப்படி நிறுத்துவது என்று
எச்சில் விழுங்கினேன்.
நான்கு நிமிடம்.
நான் மறந்தாலும் இயந்திரம் குறித்து வைத்திருக்கிறது.
சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறானாம்,
நன்றாகவே ஆடுகிறானாம்.
நான் போய்ப் பார்த்ததில்லை.

பிறகு கூடிப் பேசினோம். என்னை யாரும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
சுவரில் ஒரு மஞ்சள் அட்டை ஏறியது. அதன் முதல் வரி:
திரையைப் பார்க்கிறவர் "நில்" என்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.
காரணம் பிறகு.
ஒவ்வொரு அறுவைக்கும் முன்னால்
தலைமை மருத்துவர் ஆர்விட்ஸ் அதை உரக்க வாசிப்பார்,
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி,
ஒரு சொல் விடாமல்.

பதினொன்று நாற்பத்திரண்டு.
இரண்டாம் கம்பியைத் திருப்பினார்.
வளைவு அவிழ்ந்தது, அழகாக.
நூல் பிடித்த நேருக்கு இன்னும் கொஞ்சம்தான்.
இடது பாதத்தின் மேடு
அரையானது
காலானது
கோடானது.

"நில்."

கொஞ்சம் கத்திவிட்டேன் போல.
கை நின்றது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.
ஸைகா ரத்த அழுத்தத்தை ஏற்றினாள், எண்ணைச் சொல்லிச் சொல்லி:
அறுபத்தெட்டு, எழுபத்தைந்து, எண்பத்தாறு.
ஒருவர் அட்டையை வாசிக்க, ஒருவர் திருகாணிகளைச் சோதிக்க,
ஆர்விட்ஸ் கம்பியைத் தளர்த்தினார்.
காலையிலிருந்து பாடுபட்டு நிமிர்த்தியதைக்
கொஞ்சம் கொஞ்சமாகக்
கோணலிடமே திருப்பிக் கொடுத்தார்.

இருபத்தாறு நிமிடம்.
"நிச்சயமாகத் தெரியுமா?" என்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

முதலில் கொசுக்கடி அளவு ஒரு வீக்கம்.
பிறகு மேடு.
அதற்குமேல் நிமிர்த்தாமல் தைத்து மூடினார்கள்.

பனி இளகி ஊரெல்லாம் சேறான மார்ச் மாதம்
எஸ்டெரே வந்தாள். படத்தைக் காட்டினோம்.
முப்பத்தொரு பாகை.
"பதினைந்துக்கு வரும் என்றீர்களே.
ஏன் பாதியில் விட்டீர்கள்?"
ஆர்விட்ஸ் விளக்கினார்.
அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நிறுத்தச் சொன்னது நான்தான்" என்றேன்.
திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
நன்றி அதில் துளியும் இல்லை.
கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறும்போது
கதவை ஓங்கி ஓர் உதை.

இடது கால்.

வெள்ளைக் கதவில் பூட்ஸின் சேற்றுத் தடம்,
ஐந்து வரி, ஒரு குதிகால்.
வாளியோடு வந்தவரிடம் சொன்னேன்:
அதை மட்டும் இன்றைக்குத் துடைக்க வேண்டாம்.