பதினைந்து கிராம்

மார்ச் தொடக்கம். பொப்பரிங்கேயில் இன்னும் உறைபனி.
கம்பங்கள் மட்டும் நிற்கின்றன,
ஆறு மீட்டர் உயரத்தில் வெறும் கம்பியைத் தாங்கிக்கொண்டு.
கொடி இல்லாத ஹாப் தோட்டத்தை முதன்முதலில் பார்ப்பவர்கள்
என்ன கட்டுகிறீர்கள் இங்கே என்று கேட்பார்கள்.

நவம்பரில் அணைத்த மண்மேட்டைக்
கையால்தான் கலைக்க வேண்டும்.
மண்வெட்டி பட்டால் தளிர் ஒடியும்.
களிமண், குளிரில் பிசினாகி
விரலை விடாமல் பிடிக்கும்.
உள்ளே, வேரின் தலையைச் சுற்றி
வெளிச்சம் இன்னதென்று அறியாத வெள்ளைத் தளிர்கள்,
சுண்டுவிரலைவிட மெலிந்தவை,
ஒன்றின் எடை நாலைந்து குன்றிமணி தேறினால் அதிகம்.
வெயில் பட்டால் ஊதா ஏறும்;
ஊதா ஏறினால் விலை இறங்கும்.
ஒரு செடிக்கு மூன்றை விட்டுவிட்டு மற்றதை ஒடிக்க வேண்டும்.
அந்த மூன்றும் மேமாதம் கம்பியேறி
வலஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி
பியருக்குக் காய்க்கும்.
ஒடித்தவை அன்றைக்கே விருந்துக்குப் போகும்,
ஆனை விலை, குதிரை விலை.
களையென்று வரப்பில் வீசியதைத்தான்
இப்போது ஈரத்துணியில் சுற்றி விற்கிறோம்.

கோர்ட்ரைக்கிலிருந்து உணவகக்காரர் ஏழு மணிக்கு வருவார்.
பருவத்தின் முதல் கிலோ.
ஐந்தே முக்காலுக்குத் தராசில் வைத்தேன்:
தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.
இறக்கி, தட்டைத் துடைத்து, மறுபடி வைத்தேன்.
தராசுக்கு என்மேல் இரக்கமில்லை.

"பதினைந்து," என்றான் பாவோ.
பதினொரு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் சொல்.

தப்பு என்னுடையதுதான்.
தாழ்ந்த வயலை உருளைக்கிழங்கு கம்பெனிக்கு
எழுதிக் கொடுத்தது நான்.
என் பெயரில் இருந்த நிலம், என் கையெழுத்து.
டிராக்டர் கடன் கழுத்தை நெரித்தது,
அதை மட்டும் அவனிடம் சொல்லியிருந்தேன்.
மீதியை நோட்டரியின் கடிதம் சொன்னது,
சாப்பாட்டு மேசையில், சூப் ஆறும்வரை.

மேல்வரிசைகளில் தோண்டியாகிவிட்டது.
பனி இறுகிய மற்றவற்றில் கை இறங்காது.
தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலில்தான் மண் இளகியிருக்கும்.
அவனும் நானும் வாளியோடு இறங்கினோம்.
நெற்றி விளக்குமேல் என் சிவப்புக் கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டான்,
தளிர் கூசுமாம்.
அப்படியெல்லாம் எந்தச் செடியும் கூசாது.
சொல்லவில்லை.

ஏப்ரல் முதல் தேதி கம்பங்களைப் பிடுங்குவார்கள்.
வேரையும்.
ஆக இங்கே எதையும் விட்டுவைக்கத் தேவையில்லை,
ஒரே செடியை வழித்தால் பதினைந்து கிராம் வந்துவிடும்,
மணி ஆறு பத்து.
நான் வழித்தேன்.
இரண்டு செடி தள்ளி அவன் முழங்காலில் இருந்தான்,
ஒடித்தான், ஒடித்தான்,
மூன்று தளிரை விட்டான்.
மண்ணைத் திரும்ப அணைத்தான்,
உள்ளங்கையால் இரண்டு தட்டு,
அடுத்த செடிக்கு நகர்ந்தான்.
அங்கேயும் மூன்று.

கை பழக்கம் என்று நினைத்தேன்.
ஐந்தாவது செடியில் நான்கு விட்டுவிட்டு,
யோசித்து,
நான்காவதை ஒடித்தபோது
பழக்கமில்லை என்று தெரிந்தது.

நான் வழித்த செடியின் குழி திறந்தே கிடந்தது.
திரும்பி நடக்கையில் அதன்மேல் மண் தள்ளினேன்,
காலால்தான்,
அவன் பார்க்காத நேரம் பார்த்து.

ஆயிரத்து இரண்டு காட்டியது.
உணவகக்காரர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார்,
நகத்தால் களிமண் சுரண்டினார்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு ஆயிற்று.
ஒரு கிலோவுக்கே பணம் எண்ணினார்.
எந்த வயலில் வந்தது என்று கேட்டார், அட்டையில் எழுத.

நான் பாவோவைப் பார்த்தேன்.
"ரைன்ஹில்டாவின் வயல்," என்றான் அவரிடம்,
தலை நிமிராமல்,
எழுத்துக் கூட்டி.